கடைக்குட்டி சொல்லும் கதையை அக்காவும் அண்ணனும் திருத்தலாமா?

ரோஸ்ஹில் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு மூன்று பிள்ளைகள். பெரியவளுக்கு 13, நடுவுள்ளவனுக்கு 10, கடைக்குட்டிக்கு 6. மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறோம், பகலெல்லாம் வீட்டில் கிரியோல்தான் ஓடும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு தமிழ் மட்டும் என்று என் மாமியார் ஒரு வழக்கம் வைத்துவிட்டுப் போனார். அதை நாங்கள் விடவில்லை. படுக்கைக் கதையை வழக்கமாகப் பெரியவள் சொல்வாள். பிரெஞ்சுப் படப் புத்தகத்தில் படித்ததைத் தமிழில் சொல்வாள், நன்றாகவே சொல்வாள்.

போன சைக்ளோன் சமயத்தில் க்ளாஸ் 3 புயல் எச்சரிக்கை போட்டிருந்த ராத்திரி. கரண்ட் போய்விட்டது. கூடத்தில் மெத்தைகளைச் சேர்த்துப் போட்டு மூன்று பேரையும் படுக்க வைத்தேன். காற்று ஷட்டரைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. அப்போது கடைக்குட்டி எழுந்து உட்கார்ந்து, "இன்னைக்கு நான் சொல்றேன்" என்றான். "சிராந்தான்?" என்று கேட்டான். மற்ற இரண்டும் "சாம்பெக்!" என்று கத்தின. "திலோ திபூ?" "கான்!" நிற்கிற தண்ணீர் எது, கரும்பு. இந்தத் தீவில் கதைக்கு முன்னால் விடுகதை போடாமல் யார் தொடங்குவார்கள்? அதுவரைக்கும் சரி.

அவன் எடுத்தது கிரேக்கக் கதை. சில மாதத்துக்கு முன் அக்கா சொன்ன அதே பெர்செஃபோன் கதை. எனக்கு நினைவிருக்கிறபடி அவன் வாய்மொழியிலேயே தருகிறேன்.

"ஒரு அம்மா இருந்தாங்க, தெமெத்தேர்னு. எல்லாச் செடியும் அவங்கதான் வளக்குறாங்க. கோதுமை, கரும்பு, லாலோ எல்லாம். அவங்களுக்கு ஒரே பொண்ணு, பெர்செஃபோன். அவ பூப் பறிக்கப் போனா. ஒரு பூவை இழுத்தா, வரல. இன்னும் இழுத்தா, வரல. ரெண்டு கையால இழுத்தா, தரை பொளந்துருச்சு. கீழூர்லேந்து அதேஸ் வண்டியில வந்து அவளைத் தூக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் அவ கத்தினா. அப்புறம் யாரும் வரல. அப்புறம் அம்மா தேடினாங்க, செடி எல்லாம் காஞ்சு போச்சு. அவ கீழூர்ல சாப்பிடவே இல்ல. கரேம் இருந்தா. ஆனா ஒரு மாதுளம்பழம் குடுத்தாங்க, ஏழு விதை தின்னுட்டா. கரேம் விட்டுட்டா, அதனால அந்த ஊர்க்காரி ஆயிட்டா. வருஷத்துல பாதி கீழ, பாதி மேல. அவ கீழ போனா குளிர்காலம்."

லாலோ என்றால் வெண்டைக்காய், கரேம் என்றால் விரதம். இதை அவன் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சொல்ல விடவில்லை. "கிரீஸ்ல கரும்பு ஏதுடா?" என்றாள் பெரியவள். "கீழூர் இல்ல, பாதாளம்." "ஏழு இல்ல, ஆறு. ஆறு விதை, ஆறு மாசம்." இவனோ, இலையில் ஏழு கறி வைத்துத்தான் விரதம் விடுவார்கள், அதனால் ஏழுதான் என்று சாதித்தான். நடுவுள்ளவன் இன்னும் பெரிய கல்லாகப் போட்டான்: "அவ கீழ போனா குளிர்காலம்னு சொல்ற. இப்ப ஜனவரி. அங்க குளிரு, இங்க வேர்க்குது. அப்ப உன் கதை பொய்."

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "கீழூருக்கு ரெண்டு கதவு இருக்கு. அந்தக் கதவுல எறங்கினா இந்தக் கதவுல ஏறிடுவா. அதான் இங்க இப்ப மாம்பழம்."

நான் அசந்துபோய்விட்டேன். ஆனால் நடந்தது அதோடு முடியவில்லை. பள்ளி திறந்ததும் வகுப்பில் கதை சொல்லச் சொன்னார்களாம். இதையே சொல்லியிருக்கிறான். ஏழு இல்லை, ரெண்டு கதவெல்லாம் கிடையாது, வீட்டில் சரியாகப் படித்துவிட்டு வா என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மூன்று வாரமாக வாயைத் திறப்பதில்லை. "எனக்குத் தப்பா வரும், அக்காவே சொல்லட்டும்" என்கிறான்.

பெரியவளைக் கூப்பிட்டு, இனிமேல் தம்பியைத் திருத்தாதே என்றேன். "தப்பைத் தப்புன்னு சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?

கணக்கு மாமா:

தங்கச்சி, பையன் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னது தவறு, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பெண் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அனுமன் தூக்கிய மலையை நாளைக்குப் பீமன் தூக்கினான் என்று சொன்னால் விட்டுவிடுவீர்களா? ஆறு வயதில் விட்டால் பத்து வயதில் பாடத்திலும் அப்படியே எழுதுவான். கதைக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. மூத்தவர்கள் இளையவர்களைத் திருத்துவதுதான் வீட்டு வழக்கம், நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்.

மோக்கா டீச்சர்:

நான் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். "கீழூர்" என்ற சொல்லில் நின்றுவிட்டேன். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாதாளம் என்ற சொல் தெரியாது. தெரியாத இடத்தில் கிரியோலுக்கோ பிரெஞ்சுக்கோ தாவியிருக்கலாம், என் வகுப்புப் பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். இவன் கையில் இருந்த இரண்டு தமிழ்ச் சொல்லை எடுத்துச் சேர்த்துப் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டான். மொரீஷியஸில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அந்தச் சொல்லையும் அடித்திருக்கிறார்கள். எனக்கு மனசே கேட்கவில்லை. விரிவாக அப்புறம் எழுதுகிறேன், பேப்பர் திருத்த வேண்டியிருக்கிறது.

பழைய ஏடு:

நான் கல்லூரியில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவன், இப்போது போர்ட் லூயியில் வேலை. இந்த இழையைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியவில்லை, ஏனென்றால் பையன் சொன்னதில் தப்பு என்று ஒதுக்கியதில் பாதி தப்பே இல்லை.

இந்தக் கதையின் மிகப் பழைய முழு வடிவம், ஹோமரின் பெயரால் வழங்கும் தெமெத்தேர் துதிப்பாட்டு. 495 வரி. அதில் மாதுளை விதை ஒன்றே ஒன்று. அதேஸ் அதைத் திருட்டுத்தனமாக அவளுக்கு ஊட்டிவிடுகிறான். அவள் கீழே இருப்பதும் ஆறு மாதம் இல்லை, ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. பல நூற்றாண்டு கழித்து ரோமில் ஓவிட் பாடுகிறார். அவருடைய உருமாற்றக் காவியத்தில் விதை எத்தனை தெரியுமா? ஏழு. அதில் அவளே தோட்டத்தில் பறித்துத் தின்கிறாள், ஆண்டும் அங்கே சரிபாதியாகப் பிரிகிறது. அதே ஓவிட் ரோமானியப் பண்டிகைகளைப் பற்றி எழுதிய இன்னொரு நூலில் மூன்று விதை என்கிறார். ஒரே கவிஞர், இரண்டு நூல், இரண்டு எண்ணிக்கை. ஆறு என்பது இந்த மூன்றிலும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஆறு விதை என்று பிற்காலத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் கணக்கை நேர்ப்படுத்திக்கொண்டார்கள்.

கரேம் விஷயம் இன்னும் வியப்பு. அந்தப் பெண் "நோன்பை முறித்துவிட்டாள்", அதனால் திரும்பி வர விதி இடம் கொடுக்கவில்லை என்றே ஓவிட் சொல்கிறார். பையனுக்கு ஓவிட் தெரியாது. காவடிக்கு வீட்டில் விரதம் இருப்பதைப் பார்த்திருப்பான், அவ்வளவுதான். நேராக அங்கே போய் நின்றுவிட்டான்.

பூப் பறித்த இடம்கூட ஒன்று இல்லை. துதிப்பாட்டில் நூசா சமவெளி, ஓவிட்டிடம் சிசிலித் தீவின் என்னா ஊருக்குப் பக்கத்து ஏரிக்கரை. சிசிலிக்காரர்கள் கதையைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உங்கள் மகன் ரோஸ் ஹில்லுக்குக் கொண்டுவந்தான்.

கரும்பு மட்டும் அக்கா பக்கம் நியாயம். அலெக்சாந்தரோடு வந்த கடற்படைத் தலைவர் நியார்க்கஸ், தேனீ இல்லாமலே தேன் தரும் நாணல் இந்தியாவில் இருக்கிறது என்று எழுதினார். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அது கிரேக்கர்களுக்குப் புதுச் செய்தி. அவளிடம் இதையும் சொல்லுங்கள், திருத்தினவளுக்கும் ஏதாவது கிடைக்கட்டும்.

கணக்கு மாமா:

தம்பி, சரி, ஏழுக்கு ஆதாரம் இருக்கிறது. ரெண்டு கதவுக்கு எங்கே இருக்கிறது?

பழைய ஏடு:

ரெண்டு கதவுக்கு இல்லை, அது அவன் சொந்தச் சரக்கு. ஆனால் அண்ணன் கேட்ட கேள்வியை அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள் மாமா. கிரீஸில் கோதுமையும் வாற்கோதுமையும் விதைப்பது இலையுதிர்காலத்து மழையில். குளிர்காலத்தில் வயல் பச்சையாகத்தான் இருக்கும். மே, ஜூனில் அறுவடை. அதற்குப் பிறகு நாலு மாதம் வெயிலில் நிலம் வெறுமையாகக் காய்ந்து கிடக்கும், விதைநெல்லை, அதாவது விதைக்கோதுமையை, நிலத்துக்கடியில் குழியிலும் தாழியிலும் வைத்திருப்பார்கள். அப்படியானால் பெர்செஃபோன் கீழே போகிற காலம் குளிர்காலம் இல்லை, வறண்ட கோடைதான் என்றார் மார்ட்டின் நீல்சன் என்ற சுவீடன் அறிஞர். அந்தக் கணக்குப்படி பார்த்தால் அவள் கீழே இருக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே நமக்குக் குளிர்காலம். இன்னொரு கதவே வேண்டாம்! ஆனால் துதிப்பாட்டு, வசந்தத்தில் பூப் பூக்கும்போது அவள் மேலே வருகிறாள் என்று தெளிவாகப் பாடுகிறது. அதனால் நீல்சனை எல்லாரும் ஏற்கவில்லை. எனக்கென்னவோ கதவுதான் பிடித்திருக்கிறது.

காத்ர்போர்ன் தாத்தா:

நான் தட்டச்சு செய்ய மெதுவாகத்தான் வரும். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறாள்.

கணக்குத் தம்பி, அனுமன், பீமன் என்று சொன்னீர்கள். ராமாயணத்துக்கே வருவோம். வால்மீகியில் ராவணன் சீதையைக் கூந்தலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறான். கம்பனுக்கு அது பொறுக்கவில்லை. பர்ணசாலையை அடி மண்ணோடு பேர்த்து எடுத்துக்கொண்டு போனான், அவளைத் தொடவில்லை என்று மாற்றினான். வால்மீகி அப்படிச் சொல்லவில்லையே என்று கம்பனின் ஏட்டில் யாராவது சிவப்பு மையால் சுழித்தார்களா? கதையை நெஞ்சில் வாங்கிக்கொண்டவனுக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே கை வைப்பான். பீமன் மலையைத் தூக்கினான் என்று பிள்ளை சொன்னால் அது மறதி. அதை மெதுவாகச் சொல்லிக்கொடுக்கலாம். தரை பிளப்பதற்கு முன் ரெண்டு கையாலும் இழுத்தாள் என்று சொல்வது மறதியா?

என் பூட்டி போர்ட் லூயியில், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் துறையில் அந்த 16 படி ஏறி இந்தத் தீவுக்குள் வந்தவள். கையில் ஒரு மூட்டை. படிக்கத் தெரியாது. நல்லதங்காள் கதையை வாயில் கொண்டுவந்தாள். என் பாட்டி எனக்குச் சொன்னபோது, நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் போட்ட கிணறு கரும்புத் தோட்டத்துக்கு நடுவே இருந்தது, அண்ணன் நல்லதம்பி எஸ்டேட் வண்டியில் வந்தான். எனக்கு அதுதான் நல்லதங்காள். பெரியவனாகித் தமிழ்நாட்டில் அச்சடித்த புத்தகத்தைப் படித்தபோது எஸ்டேட் வண்டி இல்லாதது எனக்குத்தான் குறையாகத் தெரிந்தது.

இரண்டு பெண்களுக்கு அப்பா:

எல்லாரும் விதைக் கணக்கு பேசுகிறீர்கள். எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போவதுதானே இந்தக் கதை? கத்தினாள், யாரும் வரவில்லை. ஆறு வயதுப் பையனும் 13 வயதுப் பெண்ணும் ஒரே மெத்தையில் படுத்துக்கொண்டு கேட்கிற கதையா இது? என் பெண்களுக்கு நான் இதைச் சொன்னதில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

ரோஸ்ஹில் அம்மா:

அண்ணா, தப்பாக எடுக்கவே இல்லை. அன்று ராத்திரி நடந்ததில் ஒரு பகுதியை நான் முதலில் எழுதாமல் விட்டேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"யாரும் வரல" என்று சொன்ன இடத்தில் கடைக்குட்டி நிறுத்தினான். அக்கா சொன்னபோது, அப்பா சேயுஸ் முன்னாலேயே சம்மதம் கொடுத்துவிட்டார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டியிருந்தாள். அது இவன் மனதில் தங்கியிருக்கிறது. அக்கா பக்கம் திரும்பி, "அப்பா சரின்னு சொன்னாரே, அம்மாகிட்ட ஏன் கேக்கல?" என்றான். அதுவரைக்கும் வரிக்கு வரி திருத்திக்கொண்டிருந்தவள் வாயே திறக்கவில்லை. காற்றுச் சத்தம்தான் கேட்டது. வெகு நேரம் கழித்து, "அவகிட்டயே கேக்கல" என்றாள்.

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. நடுவுள்ளவன் மட்டும், "நம்ம வீட்டுப் பக்கம்னா பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் கேட்டிருக்கும்" என்றான். "ஆமா, ஆன்ட்டி ஓடி வந்திருப்பாங்க" என்றான் சின்னவன். மூன்று பேரும் கொஞ்ச நேரம் யார் யார் ஓடி வருவார்கள் என்று பெயர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பேக்கரிக்காரர் வரைக்கும் போனது.

பெரியவளுக்கு அந்தக் கதை இரண்டு வருஷமாகத் தெரியும். அந்த வரியை அவள் அதுவரைக்கும் கேட்டதே இல்லை என்று எனக்குத் தோன்றியது. தம்பி கேட்டபோதுதான் கேட்டாள்.

பழைய ஏடு:

அக்கா, அவனிடம் ஒன்று சொல்லுங்கள். துதிப்பாட்டில் அவள் குரல் மலை உச்சியிலும் கடல் ஆழத்திலும் எதிரொலித்தது. குகையில் இருந்த ஹெக்காத்தே என்ற தெய்வம் கேட்டாள், சூரியன் கேட்டான். அம்மாவும் கேட்டாள். தலைத்துணியைக் கிழித்துக்கொண்டு நிலத்துக்கும் கடலுக்கும் மேலே பறவை மாதிரிப் பாய்ந்தாள். ஒன்பது நாள் சாப்பாடு இல்லை, குளியல் இல்லை, இரண்டு கையிலும் தீவட்டியோடு தேடினாள். பத்தாம் நாள் ஹெக்காத்தே வந்து, குரலைக் கேட்டேன், ஆளைப் பார்க்கவில்லை என்றாள். பிறகு அம்மா எலியூசிஸ் ஊரில் ஒரு கிணற்றடியில் கிழவி வேஷத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து அவளை அழைத்துப்போன வீட்டில் மது கொடுத்தார்கள், வேண்டாம் என்றாள். வாற்கோதுமை மாவையும் தண்ணீரையும் புதினா இனத்து இலையையும் கலந்து ஒரு கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். இயாம்பே என்ற வேலைக்காரப் பெண் கேலி பேசி அவளைச் சிரிக்கவும் வைத்தாள். துக்கத்தில் இருந்த ஒரு தாய் முதல்முதலாகச் சிரித்த இடம் அது.

இரண்டு பெண்களுக்கு அப்பா:

அம்மாவுக்குக் கேட்டது என்பது எனக்குத் தெரியாது. அதைத்தான் புத்தகங்கள் விட்டுவிட்டன போலிருக்கிறது. ஒன்பது நாள். இன்று ராத்திரி என் பெரியவளுக்கு அங்கிருந்து தொடங்கிச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

கிரேவ்கேர் பையன்:

நான் கிரேவ் கேரில் பிறந்தவன், பீட்டர் போத் மலைக்குக் கீழேயே எங்கள் வீடு. மலைக்குப் பெயர் கொடுத்த டச்சுக்காரர் 1615இல் இந்தத் தீவின் கரையில் கப்பல் உடைந்து இறந்தவர் என்று பள்ளியில் சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்த உச்சிப் பாறை பால்காரருடைய தலை. மலை தாண்டிப் பால் விற்கப் போனவர், இரவில் தேவதைகள் ஆடுவதைப் பார்த்தார். யாரிடமும் சொல்லாதே என்றார்கள். சொன்னார். கல்லாகிவிட்டார்.

யாரிடம் சொன்னார்? என் அம்மா கதையில் பெண்டாட்டியிடம் மட்டும். பெரியம்மா கதையில் போர்ட் லூயி சந்தையில் எல்லாரிடமும். என் தங்கை நாலு வயதில் அதை எனக்குத் திருப்பிச் சொன்னபோது, அவர் கல்லான பிறகு பால் என்ன ஆச்சு, கெட்டுப்போயிருக்குமே என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவள் எனக்குக் கதை சொன்னதே இல்லை. இப்போது அவளுக்கு 24 வயது. நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். பால் என்ன ஆச்சு என்று கேட்டேன். முதலில் புரியவில்லை அவளுக்கு. அப்புறம் அரை மணி நேரம் பேசினோம்.

மோக்கா டீச்சர்:

வந்துவிட்டேன். வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன், வீட்டுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சின்னப் பிள்ளை கதை சொல்லும்போது "அப்புறம், அப்புறம்" என்று கோத்துக்கொண்டே போகும். அந்த நூல் அறுந்தால் மறுபடி பிடிக்க அதனால் முடியாது. பெரியவர்கள் நாம் இடையில் பேசினாலும் விட்ட இடத்துக்கு வந்துவிடுவோம். ஆறு வயதுக்கு அது பெரிய பாடு. அதனால் முதல் விதி, கதை முடிகிற வரை கேட்பவர்களுக்கு ஒரே ஒரு சொல்தான் அனுமதி: "அப்புறம்?" அதைத் தவிர வேறு எதுவும் கூடாது.

முடிந்த பிறகு கேள்வி கேட்கலாம். "ஆறு விதைடா" என்றால் அது தீர்ப்பு. "ஏழு ஏன்?" என்றால் கேள்வி. ஏழுக்கு அவனிடம் காரணம் இருந்தது பாருங்கள், ஏழு கறி. காரணம் இல்லாத இடத்தில் அவனே யோசித்து மாற்றிக்கொள்வான். அண்ணன் போட்ட ஜனவரிக் கேள்வியும் அந்த வகைதான், கொஞ்சம் முரட்டுத்தனமாக வந்துவிட்டது. அது இல்லையென்றால் ரெண்டு கதவு பிறந்திருக்காது. அதனால் அந்தப் பையனைத் திட்ட வேண்டாம் அக்கா. அவன் சொன்னதில் "பொய்" என்ற ஒரு சொல்தான் கூடுதல்.

தமிழைத் திருத்தவே வேண்டாம். பாதாளம் என்ற சொல்லை அக்கா தன் கதையில் நாலு தடவை சொல்லட்டும், தானாக ஒட்டிக்கொள்ளும். கீழூர் போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள், அதை உங்கள் வீட்டுச் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் பிள்ளைகள் எங்களிடம் தமிழில் பதில் சொல்கிறார்கள், ஆனால் தமிழில் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று அவர்களாக வாய் திறப்பது மிக அரிது. இவன் புயல் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து "நான் சொல்றேன்" என்றான். அதுவும் தன்னைவிட எல்லாம் தெரிந்த இரண்டு பேருக்கு முன்னால். மூத்த பிள்ளை தம்பிக்குக் கதை சொல்வது எளிது, கேட்பவனுக்கு எதுவும் தெரியாது. கடைக்குட்டிக்குக் கிடைக்கிற சபையோ முழுக்கப் பண்டிதர்கள்.

கணக்கு மாமா:

டீச்சரம்மா சொல்வதை யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஐந்து பேரில் நான் மூத்தவன். தம்பி தங்கைகள் எனக்குக் கதை சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. சொல்ல விட்டேனா என்று தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. பள்ளிப் பாடத்தில் ஆறு என்று போட்டிருந்தால் தேர்வில் ஆறு என்றுதான் எழுத வேண்டும். அதையும் சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை அங்கே அடி வாங்கும். "இந்தப் புத்தகத்தில் ஆறு" என்று சொல்லிக்கொடுங்கள், போதும்.

ரோஸ்ஹில் அம்மா:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது. ஒரு வாரமாக எழுத முடியவில்லை, இப்போதுதான் உட்கார்ந்தேன்.

இந்த இழை முழுவதையும் பெரியவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஓவிட் ஏழு என்றதும், "அப்ப என் புத்தகம்தான் தப்பா?" என்று முகம் வாடிவிட்டது. தப்பு இல்லை, அது ஒருத்தர் சொன்னது, இது இன்னொருத்தர் சொன்னது என்றேன். நியார்க்கஸ் கதையைக் கேட்டதும் கொஞ்சம் தெளிந்தாள்.

சனிக்கிழமை பசாரில் அவளே ஒரு மாதுளம்பழம் கேட்டு வாங்கினாள். ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன் அதைக் கீறித் தட்டில் உதிர்த்து, மூவருக்கும் நடுவில் வைத்தாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "டேய், நான் ஒண்ணு மறந்துட்டேன். தெமெத்தேர் இங்க எப்படி வந்தாங்க? பொண்ணு கீழூர் வழியா வந்துட்டா, அம்மா கீழூருக்குப் போக முடியாதே?" என்று கேட்டாள். கடைக்குட்டி அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். "உனக்குத் தெரியாதா?" "தெரியாதுடா. புத்தகத்துல இல்ல." உண்மைதானே, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவன் தட்டிலிருந்து விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தான். ஏழு வந்ததும் நிறுத்தினான். விரலெல்லாம் சிவப்பு. "ஏழா ஆறா?" என்று அக்காவைக் கேட்டான். "ஒருத்தர் ஒண்ணுன்னாரு, ஒருத்தர் ஏழுன்னாரு, ஒருத்தர் மூணுன்னாரு, என் புத்தகம் ஆறு. நீ சொல்லு." "நான் ஏழு" என்றான். ஏழையும் வாயில் போட்டுக்கொண்டான்.

"சிராந்தான்?"

"சாம்பெக்!"

முதலிலிருந்து சொன்னான். பூவை ரெண்டு கையாலும் இழுத்தாள். கத்தினாள். இந்தத் தடவை, "அம்மாவுக்குக் கேட்டுச்சு" என்றான். ஒன்பது நாளையும் அவன் விடவில்லை, ஒவ்வொரு நாளாக எண்ணினான். நாலாம் நாளில் நடுவுள்ளவன் நெளிந்தான், அக்கா அவன் முழங்காலைப் பிடித்து அமர்த்தினாள். கஞ்சி குடித்தாள், சிரித்தாள். கடைசியில் ரெண்டு கதவு வந்தது.

"அம்மா இந்தக் கதவுக்கு எப்படி வந்தாங்கன்னா, கப்பல்ல வந்தாங்க. ரொம்ப நாள் ஆச்சு. போர்ட் லூயியில எறங்கி, மூட்டையத் தூக்கிக்கிட்டு, அந்தப் படி இருக்குல்ல, அதுல ஏறி வந்தாங்க. பதினாறு படி."

நான் நடுவுள்ளவனைத்தான் பார்த்தேன். வாயைத் திறந்தான். என்ன சொல்லப்போகிறானோ என்று எனக்குப் பக் என்றது.

"பதினாறுதான்" என்றான். "நான் எண்ணியிருக்கேன்."

பெரியவள் தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தினாள்.

"அப்புறம்?"